சாலட் க்ரீம்: நாலு தடவை கிண்டிய கணக்கு

எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு எண்பத்தைந்து வயது. போன ஜூனில் ஒரு நாள் 'டீக்கு வா' என்று கூப்பிட்டார். இங்கிலாந்தின் வடக்கே, நாங்கள் இருக்கும் விகன் பக்கம், டீ என்றால் சாயங்காலச் சாப்பாடு. வந்த புதிதில் இது தெரியாமல் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போய் அவஸ்தைப்பட்டிருக்கிறேன். இந்த முறை பசியோடு போனேன்.

தட்டில் உருண்டை லெட்டூஸின் இலைகள், பாதியாக வெட்டிய தக்காளி, வெள்ளரி வில்லைகள், இரண்டாகப் பிளந்த அவித்த முட்டை, வினிகரில் ஊறிய பீட்ரூட், டின் சால்மன். ஓரமாக வெண்ணெய் தடவிய ரொட்டி. எதிலும் உப்பு, காரம் எதுவும் போட்டதாகத் தெரியவில்லை. நடுவில் தலைகீழாக நின்ற ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். சாலட் க்ரீம்.

ஆறு வருஷமாகச் சூப்பர்மார்க்கெட்டில் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் நான். மயோனைஸில் தண்ணீர் கலந்து மலிவாக்கிய சரக்கு என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். முட்டையோடு ஒரு வாய் வைத்ததும் அது தப்பு என்று தெரிந்தது. முதலில் வினிகர் சுருக்கென்று பிடிக்கிறது, பின்னாலேயே இனிப்பு, விழுங்கும்போது கடுகு லேசாக மூக்குக்கு ஏறுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு நாக்கில் ஒட்டவே இல்லை. உப்புச் சப்பில்லாத அந்தத் தட்டுக்கு நம் ஊர் ஊறுகாய் செய்யும் வேலையை அது செய்துகொண்டிருந்தது.

"இதை வீட்டில் எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டேன். "வீட்டிலா? யாரும் செய்து நான் பார்த்ததில்லை, லவ். அது பாட்டிலில் வரும்" என்றார். (இந்த ஊரில் பால்காரரிலிருந்து பஸ் டிரைவர் வரை எல்லாரும் எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பழகிவிட்டது.) அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பாட்டில் வாங்கி லேபிளைப் படித்தேன். இந்த நாட்டில் எது அதிகமோ அதை முதலில் போடவேண்டும் என்பது சட்டம். முதலில் வினிகர். அப்புறம் ரேப்ஸீட் எண்ணெய், மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அப்புறம் தண்ணீர், சர்க்கரை, கடுகு, முட்டை மஞ்சள் கரு வெறும் 3 சதவீதம், உப்பு, பதப்படுத்திய சோள மாவு, குவார் கம், ஸான்தன் கம் என்ற இரண்டு பிசின் பொடிகள், நிறத்துக்கு ரிபோஃப்ளேவின், அதாவது நம் வைட்டமின் பி2. மயோனைஸ் பாட்டிலில் எண்ணெய்தான் முதல் பெயர், 70 சதவீதத்துக்கு மேல். இங்கே எண்ணெய் இரண்டாமிடத்தில் இருக்கிறது. இதன் அர்த்தம் அன்றைக்கு எனக்குச் சரியாக உறைக்கவில்லை. மூன்று ஜாடி வீணான பிறகுதான் உறைத்தது.

முதல் ஜாடி: மயோனைஸ் தெரியும் என்ற தைரியத்தில் செய்தது. இரண்டு மஞ்சள் கருவைக் கடைந்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 200 மில்லியில் கெட்டியான மயோனைஸ் எடுத்தேன். அதுவரை பிரமாதம். பிறகு லேபிள் கணக்குக்குக் கொண்டுவர வினிகரும் தண்ணீரும் சர்க்கரையும் சேர்க்கச் சேர்க்க, பாதியிலேயே மோராகிவிட்டது. கரண்டியைத் தூக்கினால் சொட்டுகிறது. போதாக்குறைக்கு வீட்டில் இருந்தது பழுப்பு நிற மால்ட் வினிகர். சிப்ஸ் கடை வாசலில் நிற்கும் வாசனை, சேற்றுத் தண்ணீர் நிறம்.

ஏன் நீர்த்துப் போகிறது என்பதைத் தேர்க்கூட்டத்தை வைத்துச் சொல்லலாம். மயோனைஸ் கெட்டியாக நிற்பது முட்டையால் அல்ல, நெரிசலால். எண்ணெய்த் துளிகள் ஒன்றை ஒன்று நசுக்கிக்கொண்டு நிற்பதால் எதுவும் நகர முடிவதில்லை. மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின், துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் ஒவ்வொன்றையும் சுற்றி வேலி போடுகிறது, அவ்வளவுதான். எண்ணெயை நாலில் ஒன்றாகக் குறைத்தால் கூட்டம் கலைந்து தெரு காலியாகிவிடுகிறது. துளிகள் பாலில் மிதக்கும் கொழுப்பு மாதிரி தாராளமாக நீந்துகின்றன. எவ்வளவு கடைந்தாலும் கெட்டியாகாது. அப்படியானால் கெட்டித்தன்மை வேறு எங்கிருந்தோ வரவேண்டும்.

அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது ஒரு விஷயம் பிடிபட்டது. ஆலிவ் விளையாத நாட்டில் சாலட் எண்ணெய் அந்தக் காலத்தில் இறக்குமதிச் சரக்கு. அதனால் இங்கிலாந்துக்காரர்கள் சாலட் குழம்பில் எண்ணெயைக் கஞ்சத்தனமாகவும், கெட்டிப்படுத்த வேறு எதையாவது தாராளமாகவும் போட்டிருக்கிறார்கள். 1699லேயே ஜான் ஈவ்லின் என்ற எழுத்தாளர் சாலட் பற்றி எழுதும்போது, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கடுகு, வினிகர், எண்ணெயோடு மசிக்கச் சொல்கிறார். 1771 முதல் 1845 வரை வாழ்ந்த சிட்னி ஸ்மித் என்ற நகைச்சுவை மிக்க பாதிரியார் தன் சாலட் செய்முறையைப் பாட்டாகவே எழுதி வைத்தார். அதில் முதலில் வருவது வேகவைத்துச் சல்லடையில் தேய்த்த உருளைக்கிழங்கு. அதோடு அவித்த மஞ்சள் கரு, கடுகு, வெங்காயம், நெத்திலிச் சாறு. உருளைக்கிழங்கு எதற்கு என்று முதலில் சிரித்தேன். அதுதான் மாவுச்சத்து! நெரிசல் போதாத இடத்தில் கஞ்சியை விட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

சமையல் புத்தகம் எழுதிய இசபெல்லா பீட்டன் 1861இல் வெளியிட்ட ஒரு கணக்கைத்தான் நான் கையால் அளந்து பார்த்தேன்: எண்ணெய் இரண்டு மேஜைக்கரண்டி, பால் நாலு, வினிகர் இரண்டு, கரைத்த கடுகு ஒரு தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, உப்பு, கெய்ன் மிளகாய்த் தூள். எட்டுக் கரண்டியில் இரண்டு எண்ணெய். நாலில் ஒன்று! பாட்டில் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே விகிதம் ஏறக்குறைய அதேதான்.

பாட்டிலின் கதை சுருக்கமானது. ஹெய்ன்ஸ் அமெரிக்கக் கம்பெனி. 1886இல் லண்டனின் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையில் முதல் சரக்கை விற்றார்கள், 1905இல் அதே லண்டனின் பெக்கம் பகுதியில் ஒரு தொழிற்சாலையை வாங்கினார்கள், 1914இல் சாலட் க்ரீமைக் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் நாக்குக்கென்றே அவர்கள் தயாரித்த முதல் பொருள் அது. அமெரிக்காவில் அதற்குப் பெரிய மரியாதை எதுவும் இல்லை.

இரண்டாம் ஜாடிக்கு வருகிறேன். மாவுதான் ரகசியம் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டினேன்: சோள மாவு, வெள்ளை வினிகர், தண்ணீர், சர்க்கரை, கடுகுப் பொடி, மஞ்சள் கரு. மெல்லிய தீயில் கிண்டக் கிண்ட ஐந்தாறு நிமிஷத்தில் அழகாகக் கூழ் பதம் வந்தது. இன்னும் கொஞ்சம் இறுகட்டும் என்று விட்டேன். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா போன். ஒரு கையில் போன், ஒரு கையில் கரண்டி. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் கரண்டிக்கு எதிர்ப்பே இல்லை. கொதிக்கக் கொதிக்க இறுகவேண்டியது இளகியிருக்கிறது. முட்டை வேறு பொடிப்பொடியாகத் திரிந்திருந்தது.

புளி விட்ட பிறகு காய் வேகாது என்பது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வெந்த மாவின் விஷயம் நேர் எதிர். மாவுச்சத்து என்பது நீளநீளமான சங்கிலி. தண்ணீரில் கொதிக்கும்போது அது விரிந்து வலைபோலப் பின்னிக்கொள்வதால்தான் கூழ் கெட்டியாகிறது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுத்துவிடும். வினிகரில் மாவைக் கொதிக்கவிட்டால் முதலில் கெட்டியாகி, பிறகு நீர்த்துப்போவது அதனால்தான். ஆகவே மாவை வெறும் தண்ணீரில் வேகவைத்து, ஆறிய பிறகு வினிகர். அம்மாவிடம் சொன்னேன். "கூழுக்கு மோர் ஆறினப்புறம்தானேடா ஊத்துவோம்" என்றார். காரணம் வேறாக இருக்கலாம், வரிசை அதே வரிசை.

மூன்றாம் ஜாடி ஏறக்குறைய வெற்றி. 18 கிராம் சோள மாவை 150 மில்லி தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினேன். வெண்மை போய்க் கண்ணாடிபோல ஆகி ஒரு நிமிஷம் கொப்புளம் விட்டதும் இறக்கி, சர்க்கரையோடும் கரைத்த கடுகோடும் அடித்த மஞ்சள் கருவைச் சேர்த்துத் திரும்ப அடுப்பில் வைத்தேன். தெர்மாமீட்டர் 78 டிகிரி காட்டியபோதும் முட்டை திரியவில்லை. மாவும் சர்க்கரையும் நடுவில் நின்று புரதம் கட்டிக்கொள்வதைத் தள்ளிப்போடுகின்றன, கஸ்டர்டில் நடப்பதுதான்.

முட்டையை ஏன் வேகவைக்கிறேன் என்றால், கொஞ்சம் பயம்தான். 1988 டிசம்பரில் எட்வினா கரி என்ற இளநிலை சுகாதார அமைச்சர், இந்த நாட்டு முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியில் சால்மொனெல்லா என்ற கிருமி இருப்பதாகச் சொல்லி, முட்டை வியாபாரமே படுத்து, அவர் பதவியும் போனது. இப்போது சிங்க முத்திரை குத்திய முட்டைகள் வருகின்றன, கோழிகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். 2017இல் உணவுத் தர முகமை, முத்திரை முட்டையைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும்கூட அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் எண்பத்தைந்து வயதுக்காரருக்குக் கொடுக்கிற ஜாடி. இரண்டு நிமிஷ வேலைக்குச் சோம்பல்படவேண்டாம் என்று நினைத்தேன்.

ஆறியதும் வினிகர், உப்பு. கடைசியாக எண்ணெயை நூலாக விட்டுக் கை பிளெண்டரில் அடித்தேன். கரண்டியின் முதுகில் வழுவழுப்பாக, தோசை மாவைவிடச் சற்று இறுக்கமாக ஒட்டியது. நிறம்தான் வெளிறிக் கிடந்தது. மஞ்சள் தூள் டப்பா வரை போன கையை அடக்கிக்கொண்டேன். வாயில் வைத்தால் புளிப்பு இருக்கிறது, இனிப்பு இருக்கிறது, கடுகைக் காணோம். இரண்டு தேக்கரண்டி கடுகுப் பொடி போட்டேன், எங்கே போனது?

இந்தக் கேள்விக்குப் பதில் நம் தாளிப்புக் கரண்டியிலேயே இருக்கிறது. முழுக் கடுகில் நெடி கிடையாது. உடைத்துத் தண்ணீர் பட்டால்தான் உள்ளே தனித்தனியாக இருக்கும் ஒரு நொதியும் ஒரு கந்தகப் பொருளும் சேர்ந்து நெடியை உண்டாக்கும். எண்ணெயில் வெடித்த கடுகில் நொதி செத்துவிடுவதால்தான் தாளித்த கடுகு மூக்கில் ஏறுவதில்லை, ஆவக்காய்க்கு அரைத்த கடுகு ஏறுகிறது. இங்கே நார்விச் ஊரின் கோல்மன்ஸ் கடுகுப் பொடி பிரசித்தம், 1814இல் தொடங்கிய தொழில். பழுப்புக் கடுகும் வெள்ளைக் கடுகும் கலந்தது அது. பழுப்பின் காரம் ஆவியாகி மூக்குக்குப் போகும், வெள்ளையின் காரம் நாக்கிலேயே தங்கும். அதைப் பச்சைத் தண்ணீரில் பத்து நிமிஷம் குழைத்து வைத்தால் நெடி கிளம்பும். நேராக வினிகரில் கரைத்தால் நொதி வேலையே செய்யாது. முதலில் தண்ணீர், நெடி வந்த பிறகு வினிகர் என்றால், அந்தப் புளிப்பே நெடியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் தண்ணீரில் சரியாகத்தான் குழைத்தேன், அப்புறம் முட்டையோடு சேர்த்து 78 டிகிரியில் ஏற்றியதில் பாதி நெடி சமையலறை ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

அதோடு நிற்கவில்லை. நாலாம் நாள் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்தால் ஜாடிக்குள் கடல்பாசி மாதிரி கட்டியாக நிற்கிறது, ஓரத்தில் ஒரு விரல் தண்ணீர். சாதாரணச் சோள மாவு குளிரில் கிடந்தால் பிரிந்த சங்கிலிகள் மறுபடி நெருங்கிக் கட்டிக்கொண்டு, இடையில் வைத்திருந்த தண்ணீரைக் கக்கிவிடும். பழைய சோறு விறைப்பதும் இதனால்தான். லேபிளில் 'பதப்படுத்திய' என்ற வார்த்தையும் இரண்டு வகைக் கம்மும் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. கெமிக்கல் என்று முகம் சுளித்துக்கொண்டிருந்தவன் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

நாலாம் ஜாடிக்குச் சூப்பர்மார்க்கெட்டில் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான வரிசையில் ஸான்தன் கம் சின்ன டப்பா வாங்கினேன். இதைத் தண்ணீரில் தூவினால் வெளிப்பக்கம் ஊறி உள்ளே மாவாக நிற்கும் கட்டிகள் வரும், என்ன அடித்தாலும் கரையாது (இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்). எண்ணெயில் குழைத்துவிட்டால் ஒரு பொடியோடு இன்னொன்று ஒட்டாமல் பரவி, பிறகு தண்ணீரைப் பார்த்ததும் ஒரே சீராக ஊறும்.

கடைசியில் நின்ற கணக்கு இது. சோள மாவைப் 12 கிராமாகக் குறைத்து 135 மில்லி தண்ணீரில் காய்ச்சிக் கண்ணாடிப் பதத்தில் இறக்கவேண்டும். இரண்டு மஞ்சள் கருவை 60 கிராம் சர்க்கரையோடு அடித்து, சூடான கூழில் ஒரு கரண்டியை அதில் விட்டுக் கலக்கி, பிறகு முழுவதையும் பாத்திரத்தில் ஊற்றி 78 டிகிரி வரை கிண்டவேண்டும். இறக்கிக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுவதற்குள் இரண்டு தேக்கரண்டி கடுகுப் பொடியை ஒரு மேஜைக்கரண்டி பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிஷம் மூடி வைத்து, பிறகு 100 மில்லி வெள்ளை வினிகரில் கரைத்துக்கொள்ளவேண்டும். வினிகர் 5 சதவீதம் அமிலம் உள்ளதாக இருக்கவேண்டும். அதையும் 8 கிராம் உப்பையும் ஆறிய கூழில் சேர்த்து அடித்து, ஒரு கிராம் ஸான்தன் குழைத்த 110 மில்லி ரேப்ஸீட் எண்ணெயை மெல்ல விட்டுக் கை பிளெண்டரில் ஒரு நிமிஷம். அவ்வளவுதான்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஆலிவ் எண்ணெய் போட்டுக் கெடுக்காதீர்கள், பிளெண்டரில் அடித்தால் சில சமயம் கசக்கும், தவிர அது இந்தப் பண்டத்துக்குச் சம்பந்தமில்லாத வாசனை. அறுபதுகள் வரைகூட இங்கே பல ஊர்களில் ஆலிவ் எண்ணெய் மருந்துக்கடையில்தான் கிடைத்தது, காதில் விட. எதிர்வீட்டு அம்மா வீட்டிலும் அப்படித்தானாம். ரேப்ஸீட்தான் சரி. மே மாதம் ரயிலில் போகும்போது கண்ணைப் பறிக்கும் மஞ்சள் வயல்கள் இதுதான், கடுகுக்குச் சொந்தக்காரப் பயிர். அதுவும் எழுபதுகளுக்குப் பிறகு பெருகியது.

செய்த அன்றைக்கே ருசி பார்த்து ஏமாறாதீர்கள். கடுகு கசந்து, வினிகர் தனியாக நின்று, சர்க்கரை வேறு திசையில் போகும். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் இருந்தால் கசப்பு அடங்கி எல்லாம் ஒன்றாகும். புளிப்பு அளக்கும் காகிதத்தில் நாலுக்குக் கீழே காட்டியது, அதாவது சீக்கிரம் கெட்டுப்போகாத அளவு புளிப்பு. ஆனாலும் தொழிற்சாலைச் சுத்தம் நம் அடுப்படியில் வராது என்பதால் பத்து நாளுக்குள் தீர்க்கிறேன். ஏழாம் நாள் பார்த்தபோது தண்ணீர் கக்கவில்லை.

சின்ன ஜாடி ஒன்றை எதிர்வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஒரு லெட்டூஸ் இலையைச் சுருட்டி, அதில் தொட்டு, ரொம்ப நேரம் மென்றார். பிறந்தது 1939இல். போர்க்காலத்தில் தொடங்கிய உணவு ரேஷன் 1954இல் முடிந்தபோது பதினைந்து வயது. வாரத்துக்கு ஆளுக்கு ஒரு முட்டை, அதுவும் சில வாரம் கிடைக்காது என்றும், இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே சாலட் க்ரீமை மட்டும் தடவிப் பள்ளிக்கு எடுத்துப் போனதாகவும் சொன்னார். 1999இல் விற்பனை மந்தம் என்று ஹெய்ன்ஸ் இதை நிறுத்த யோசித்தபோது நாடே கூச்சல் போட்டதும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நான்கூட ஆறு பாட்டில் வாங்கி வைத்தேன்" என்றார். 2018இல் இதை வாங்குபவர்களில் 14 சதவீதம் பேர்தான் சாலட்டில் ஊற்றுகிறார்கள் என்று கண்டுபிடித்து, பெயரை 'சாண்ட்விச் க்ரீம்' என்று மாற்றலாமா என்று கம்பெனி கேட்டதையும், கடைசியில் பழைய பெயரையே விட்டுவிட்டதையும் நான் சொன்னபோது, அது அவருக்குத் தெரியவே தெரியாது. "சாண்ட்விச்சுக்குத்தானே அது?" என்றார்.

என் ஜாடிக்குக் கிடைத்த தீர்ப்பு: கடுகு கொஞ்சம் அதிகம், நிறம் வெளிறல், மற்றபடி குறையில்லை. வியாழக்கிழமை ஜாடி கழுவித் திரும்பி வந்தது, உள்ளே அவர் தோட்டத்துச் சிவப்பு முள்ளங்கி நாலு. அடுத்த தடவை கடுகை ஒன்றரைக் கரண்டியாகக் குறைக்கப் போகிறேன். வெள்ளிக்கிழமை அவர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மேஜையில் மீனும் சிப்ஸும், பக்கத்தில் பழையபடி தலைகீழாக நிற்கிற பாட்டில்.